கத்தக் கூடாது என்று எழுதவில்லை

பத்து மணி பத்து நிமிடத்துக்கு மியூசியத்துத் தாழி அறையில் வெயில் மூன்றாவது கல் வரைக்கும் வந்து நிற்கும், அதற்கு மேல் ஒரு விரற்கடை வராது, ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் ஐந்து கோடாக விழுந்திருக்கும், அந்தக் கோடுகளை மிதிக்காமல் நான் உள்ளே போகிறேன், போனேன், பதினெட்டு வருடமாகச் செவ்வாய்க்கிழமைதோறும் போய்க்கொண்டிருக்கிறேன், மண்ணுக்கடியில் எத்தனையோ நூறு வருடம் கிடந்துவிட்டு வந்த ஏழு தாழிகள் வயிறு பெருத்து வாய் திறந்து வரிசையாக நிற்கின்றன, செத்தவர்களை உட்கார வைத்துப் புதைத்த பானைகள், ஒன்று ஆளுயரம், மற்றதெல்லாம் என் இடுப்புக்குக் கீழே, இவர்களைவிட மரியாதையான கூட்டத்தை நான் எங்கும் பார்த்ததில்லை, யாரும் நலம் விசாரிப்பதில்லை, கண்ணைப் பார்த்துப் பேசு என்பதில்லை, கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்பதில்லை, நான் நடுவில் நின்று மூச்சு விடுகிறேன், அவர்களும் என்னை விட்டுவிடுகிறார்கள், இதற்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

எனக்கு நாற்பத்தொரு வயது, தபால் பிரிக்கும் அலுவலகத்தில் வேலை, பின்கோடு பார்த்துக் கடிதங்களை அலமாரியில் அதற்கதற்கான அறையில் போடுவேன், அதில் என்னை மிஞ்ச ஆளில்லை, பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன், முப்பத்தாறு வயதில்தான் ஒரு டாக்டரம்மா எனக்கு இருப்பது ஆட்டிசம் என்று பெயர் சொன்னார், அதுவரைக்கும் ஊர் வைத்திருந்த பெயர் கோட்டி, பைத்தியம் என்பதற்கு எங்கள் பக்கத்து வார்த்தை, ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது என்று அம்மா சொல்வாள், எனக்கோ ஊர் பேசியது வலித்ததைவிட அது சத்தமாகப் பேசியதுதான் அதிகம் வலித்தது, சத்தம் எனக்குக் காதில் கேட்பதோடு நிற்பதில்லை, பல்லுக்குள் போகும், முழங்கைக்குள் போகும், இருபத்து மூன்று வயதில் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் நாலு பஸ் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தபோது நான் அப்படியே தரையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன், சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது, வலிப்பு போல இருக்கு, இரும்பக் கையில குடுங்கடே என்று யாரோ சொல்ல, யாரோ ஒருவர் தன் வீட்டுச் சாவிக்கொத்தை என் கையில் திணித்து அழுத்திப் பிடித்துக்கொண்டார், இன்னொருவர் முகத்தில் சோடாவை அடித்தார், நல்ல மனதுக்காரர்கள்தான், இன்றைக்கு அவர்களுக்கும் நன்றி, அன்றைக்குக் கையை உதறிக்கொண்டு ஓடினேன், ஓடி, திறந்து கிடந்த ஒரு கேட்டுக்குள் புகுந்து, இருட்டும் குளிர்ச்சியுமாக இருந்த ஒரு அறையில் ஒரு தாழிக்கும் சுவருக்கும் நடுவே போய் ஒடுங்கினேன், அது மியூசியம் என்றே எனக்குத் தெரியாது, டிக்கெட்டும் எடுக்கவில்லை, காக்கிச் சேலை கட்டிய ஒரு அக்கா வந்து பார்த்தாள், அவள்தான் அங்கே அட்டெண்டர், பேர் செல்லக்கனி என்று மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும், அவள் என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு முக்காலியைத் தூக்கிவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, பைய இருங்க பிள்ள, பதினோரு மணிக்கு மேலதான் பள்ளிக்கூடப் பிள்ளைய வரும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள், அந்த ஒரு தகவல் எனக்குப் போதுமானதாக இருந்தது, அதற்குள் எத்தனை நிமிடம் இருக்கிறது என்று கணக்குப் பார்க்கலாம் அல்லவா, ஒருத்திக்கு வேறென்ன வேண்டும், அந்த முக்காலியை நான் இன்னும் மறக்கவில்லை.

இப்போது நான் சொல்ல வந்தது என் தம்பி மகள் மிருதுளாவைப் பற்றி, ஏழு வயது, அவளுக்கும் என்னைப் போலத்தான் என்று மூன்று வயதிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், தம்பி ஷார்ஜாவில் இருக்கிறான், அவன் மனைவி கோமதி பிள்ளையோடு தனியாக இருக்கிறாள், என்னை மதினி என்பாள், சொந்த அக்காளிடம் கேட்காததை என்னிடம் கேட்பாள், மதினி, அவ எதுக்குச் சுவத்தப் பாத்துச் சிரிக்கா, எதுக்கு ஒரே சட்டையக் கேக்கா, நானும் தெரிந்ததைச் சொல்வேன், சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம், ஆயுள் முழுக்க யாருக்கும் விளங்காதவளாக இருந்தவளிடம் வந்து ஒருத்தி விளக்கம் கேட்கிறாள், கர்வம் வராதா, வந்தது, யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், என் யானை சறுக்கியது ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தில், கெட்டிமேளம் அடித்தார்கள், எல்லா மேளமும் எல்லா நாயனமும் ஒன்றாக எழும்பின, எனக்குப் பல்லெல்லாம் கூசியது, பார்த்தால் பிள்ளை மேளக்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறாள், ஐயோ என்று ஓடிப் போய் என் இரண்டு உள்ளங்கையாலும் அவள் காதைப் பொத்தினேன், அவள் கத்தினாள், நான் இன்னும் இறுக்கிப் பொத்தினேன், என் மணிக்கட்டைக் கடித்தாள், தரையில் விழுந்து புரண்டாள், நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார், நிறுத்தியதும் இன்னும் அதிகமாகக் கத்தினாள், தாலி கட்டி முடிந்த மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் எழுந்து நின்று பார்த்தார்கள், கோமதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாப்பிடாமல் வெளியே வந்தாள், ஆட்டோவில் வரும்போது அவள் அழவில்லை, ஏன் மதினி இப்படி என்று மட்டும் கேட்டாள், நான் நிபுணர் மாதிரிச் சொன்னேன், சத்தம் தாங்கல கோமதி, எனக்கும் அப்படித்தான், வீட்டுல சத்தமே இல்லாமப் பாத்துக்கோ.

என் வாய்ச்சொல்லை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள், மிக்ஸியைத் துடைத்துப் பரணில் ஏற்றினாள், குக்கரை உள்ளே வைத்துவிட்டுச் சோறு வடித்தாள், டிவியின் ஒயரைப் பிடுங்கினாள், காலிங் பெல்லைக் கழற்றினாள், பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதைக்கூட விட்டுவிட்டுப் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டாள், கல்யாணம், கோயில், பூங்கா ஒன்றுக்கும் போவதில்லை, அப்படியும் பிள்ளைக்குச் சுகமில்லை, தட்டை எடுத்துத் தரையில் அடிப்பாள், தலையைச் சுவரில் முட்டுவாள், அடுத்த வீட்டு மோட்டார் ஓடினால் அந்தக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நகரமாட்டாள், நானும் என் நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன், மோட்டாரை நிறுத்தப் போகிறாள் பாவம் என்று எழுதினேன், இன்னும் அமைதி வேணும் கோமதி என்றேன், இப்போது அந்த வரியை எடுத்துப் படித்தால் எனக்கே என்னைக் கன்னத்தில் அறையத் தோன்றுகிறது. போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஜூனில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள், சாதாரணப் பிள்ளைகளோடு உட்கார வைத்து, உதவிக்கு ஒரு டீச்சரும் போட்டு, அப்படி ஒரு பள்ளிக்கூடம் எங்கள் பக்கம் கிடைப்பதே அபூர்வம், கோமதி மாட்டேன் என்றாள், முந்நூறு பிள்ளைய கத்துத இடத்துல இவ எப்படி மதினி இருப்பா, இன்னொருக்கா எல்லாருக்கும் முன்னால அவளத் தரையில பொரள விட என்னால முடியாது, வீட்டுலயே இருக்கட்டும், நான் இருக்கது வரைக்கும் பாத்துக்கிடுதேன், நான் கெஞ்சினேன், என் வாழ்க்கையில் நான் யாரையும் அதிகம் கெஞ்சியதில்லை, ஒரு மணி நேரம் வெளியே ஒரு இடத்துல இருந்து பாக்கட்டும், மியூசியத்துக்கு நான் கூட்டிட்டுப் போறேன், அது என் இடம், அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள், சரி, ஆனா ஒரு தடவை கத்தினாலும் திரும்பிருவோம், அதுக்குப் பெறவு பள்ளிக்கூடப் பேச்சு எடுக்கப்பிடாது, எடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

நான் தயாரித்த தயாரிப்பை ஒரு கலெக்டர் வருகைக்குக்கூடச் செய்ய மாட்டார்கள், எந்த அறையில் எந்த டியூப் லைட் சிமிட்டும், எந்த மின்விசிறி கிரீச்சிடும், பினாயில் போட்டுத் துடைப்பது எத்தனை மணிக்கு, எல்லாம் எழுதினேன், காதை முழுக்க மூடும் ஹெட்போன் ஒன்று அவள் அளவுக்கு வாங்கினேன், எனக்குப் பஞ்சு, செல்லக்கனி அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன், ஆகட்டும் பிள்ள, அன்னைக்கு நானே தாழி ரூம்புல நிக்கேன் என்றாள், அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் போய் இறங்கினோம், கோமதி ஆட்டோவை அனுப்பவில்லை, நில்லுங்கண்ணே, செத்த நேரத்துல வந்துருவோம் என்று டிரைவரிடம் சொன்னபோதே அவள் மனதில் என்ன முடிவு என்று எனக்குத் தெரிந்தது, நான் உள்ள வரல மதினி, எனக்குப் பாக்கத் தெம்பில்ல என்று டிக்கெட் கவுண்டர் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள், மடியில் ஒரு பை, அதில் மாற்று உடுப்பு, தண்ணீர், பிஸ்கட், ஒரு போருக்கு அனுப்புகிற மாதிரிப் பிள்ளையின் தலையைத் தடவினாள். உள்ளே எல்லாம் நான் எழுதியபடியே நடந்தது, கல் சிற்பங்கள், செப்புக் காசுகள், பாடம் பண்ணிய பறவைகள், அவள் ஒவ்வொன்றையும் ஒரு பார்வை பார்த்தாள், சத்தமில்லை, ஹெட்போனை மூன்று தடவை கழற்றினாள், மூன்று தடவையும் நான் எடுத்து மாட்டிவிட்டேன், தாழி அறை வாசலில் ஒரு போர்டு, அவள் எழுத்துக்கூட்டாமல் படிப்பாள், பொருட்களைத் தொடாதீர்கள், படம் எடுக்காதீர்கள், எச்சில் துப்பாதீர்கள், படித்துவிட்டு விரலில் எண்ணி, மூணா அத்தை என்றாள், மூணுதான் என்றேன், விதி என்றால் எனக்கு விதிதான், கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன், வேறு யாராவது அத்தையாக இருந்தால் சும்மா அமைதியாவும் இருக்கணும்டா என்று நாலாவதாக ஒன்றைச் சேர்த்திருப்பாள், எனக்கு அது தோன்றவே இல்லை, எழுதியிருந்தது மூன்று, நான் சொன்னது மூன்று.

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள், தொடக் கூடாது அல்லவா, அப்படியே ஒரு தாழியின் அருகில் போய் நின்றாள், ஒரு கையை மட்டும் எடுத்து ஹெட்போனைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள், மறுபடி கையைப் பின்னால் கட்டினாள், குனிந்து முகத்தைத் தாழியின் வாய்க்கு நேராகக் கொண்டுபோய், ஓ என்று ஒரு சத்தம் கொடுத்தாள், சின்னச் சத்தம்தான், தாழி அதை வாங்கி வயிற்றில் உருட்டிப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தது, அவள் அசையாமல் நின்று கேட்டாள், பிறகு ஓஓஓ என்றாள், அடித்தொண்டையிலிருந்து, ஏழு வயதுப் பிள்ளையிடம் அவ்வளவு குரல் இருக்கும் என்று யாரும் நம்பமாட்டார்கள், அறை முழுக்க அது சுழன்றது, மற்ற ஆறு தாழிகளும் முனகின, என் பஞ்சைத் தாண்டி, பல்லைத் தாண்டி, முதுகுத்தண்டு வரைக்கும் போனது, நான் பதினெட்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த அமைதி போயிற்று, நான் சுவரோரம் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன், பொத்திக்கொண்டே அவளைப் பார்க்கிறேன், அவள் சிரிக்கிறாள், தோள் குலுங்க, கண் மூடி, ஒன்றரை வருடமாக அந்த வீட்டில் நான் கேட்டிராத சிரிப்பு, கத்துகிறாள், காத்திருக்கிறாள், கேட்கிறாள், சிரிக்கிறாள், அந்த நேரத்தில்தான், தவறான அறையில் போட்ட கடிதங்களை எடுத்துச் சரியான அறையில் போடுவதைப் போல, எல்லாம் எனக்குள் இடம் மாறி விழ ஆரம்பித்தது, மோட்டார் குழாயை அவள் கட்டிப்பிடித்தது நிறுத்துவதற்காக அல்ல, தட்டைத் தரையில் அடித்தது கோபத்தில் அல்ல, சுவரில் முட்டியது வீட்டில் ஒரு சத்தமும் இல்லாததால், மண்டபத்தில் அவள் கத்தியது மேளத்துக்காக அல்ல, பாவி நான் ஓடிப் போய் அந்த மேளத்தை அவளிடமிருந்து பிடுங்கியதற்காக, எனக்கு எது விஷமோ அது அவளுக்குச் சோறு, இரண்டு பேருக்கும் டாக்டர் சீட்டில் ஒரே பெயரை எழுதியிருக்கிறார்கள் என்பதற்காக என் காதை அவள் தலையில் பொருத்திவிட்டேன், ஒன்றரை வருடம் அவளைப் பட்டினி போட்டுவிட்டேன்.

வாசலில் செருப்புச் சத்தம், கோமதி ஓடி வந்தாள், வெளியே பெஞ்சு வரைக்கும் கேட்டிருக்கிறது, கேட்காமல் என்ன செய்யும், சேலைத் தலைப்பு தரையில் இழுபட, அவள் கண் முதலில் சுருண்டு கிடந்த என் மேல் விழுந்தது, பிறகு பிள்ளை மேல், பிள்ளை மறுபடியும் ஓ என்றாள், சொன்னேம்லா மதினி என்றாள் கோமதி, கத்திட்டாள்லா, போதும், எழுந்திரிங்க, ஆட்டோ நிக்கி, போவோம், அவள் பிள்ளையின் தோளைப் பிடிக்கப் போனபோது செல்லக்கனி அக்கா குறுக்கே வந்தாள், இருங்கம்மா, பிள்ள என்ன தப்புச் செஞ்சா, போர்டப் படிச்சிட்டுத்தான் நிக்கா, கையப் பாருங்க, பின்னால கட்டியிருக்கா, பெரிய படிப்புப் படிச்சவுகளே இங்கன வந்து தொடாமப் போனதில்ல, கத்தக் கூடாதுன்னு எங்கயும் எழுதலம்மா என்றாள், கோமதி என்னைப் பார்த்தாள், சொல்லுங்க மதினி என்பது போல, எனக்கோ இப்படி ஆகும்போது வார்த்தை போய்விடும், நாக்கு இருக்கும், சொல் இருக்காது, அரை மணியோ ஒரு மணியோ கழித்துத்தான் திரும்பி வரும், ஆனால் ஆட்டோ இப்போது நிற்கிறது, இந்த நிமிடத்தில் அவர்கள் ஏறிவிட்டால் அந்த வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும், ஜூன் போய்விடும், நானே சத்தியம் செய்திருக்கிறேன், நோட்டை எடுத்து எழுதினேன், கோமதி, அவளுக்குச் சத்தம் வேண்டும், கல்யாணத்தில் அவள் கத்தியது மேளத்துக்காக அல்ல, நான் காதைப் பொத்தியதற்காக, தப்பு முழுக்க என்னுடையது, அவளைப் பார், பள்ளிக்கூடத்தை விட்டுவிடாதே, எழுதி நீட்டினேன், நீட்டும்போது இனி இவள் என் முகத்தில் முழிக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன், முழிக்காவிட்டாலும் நியாயம்தான்.

கோமதி படித்தாள், மறுபடியும் படித்தாள், பிள்ளையைப் பார்த்தாள், பிள்ளை கண்ணை மூடி, தாழி பேசி முடிப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள், உதட்டில் சிரிப்பு, கோமதி அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே, ஒண்ணரை வருசமா அம்மியில அரைக்கேன் மதினி என்றாள், உள்ளங்கையை விரித்து எனக்குக் காட்டினாள், காய்த்துப் போயிருந்தது, தேங்காயும் மொளகாயும் ஒண்ணரை வருசம், அந்த மிக்ஸி பரண்ல தூங்குது, சொல்லிக்கொண்டே மூக்கைத் தலைப்பில் துடைத்தாள், என்னை அப்படியே விட்டுவிட்டு மகளின் பக்கத்தில் போய் நின்றாள், மகளைப் பார்த்துத் தானும் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள், மிருது என்றாள், காற்றுத்தான் வந்தது, குரல் வரவில்லை, ஒன்றரை வருடம் குசுகுசுவென்றே பேசிப் பழகிய தொண்டை, செருமிக்கொண்டு மறுபடி குனிந்தாள், மிருதுளா என்று கூப்பிட்டாள், தெருமுனையில் விளையாடும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற அம்மாக்களின் குரலில், தாழி அந்தப் பெயரை வாங்கிப் பெரிதாக்கித் திருப்பிச் சொன்னது, மிருதுளா தலையைத் தூக்கி, தாழியைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தாள், நேராக அவள் வாயைப் பார்த்தாள், இன்னொருக்கா என்றாள்.

கோமதி இன்னொருக்கா கூப்பிட்டாள், அப்புறம் இன்னொருக்கா, ஐந்தாவது தடவைக்குப் பிறகு என் பக்கம் திரும்பி, மூச்சு வாங்க, ஜூன் ஒண்ணாந் தேதியா மதினி தொறக்காக என்றாள், நான் தலையை ஆட்டினேன், ஆட்டிக்கொண்டே இருந்தேன், அதற்கு மேல் அந்த அறையில் இருக்க என் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை, சுவரைப் பிடித்து எழுந்து வெளியே வந்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தேன், காதுக்குள் ஊசி குத்துகிறது, உள்ளே இப்போது இரண்டு பேரும் சேர்ந்து கத்துகிறார்கள், ஒரு குரல் பெரிது ஒரு குரல் சின்னது, இத்தனை தூரத்திலிருந்து கேட்டால் தாங்க முடிகிறது, தாங்குவது மட்டுமல்ல, இன்னும் கொஞ்ச நேரம் கேட்கலாம் போலத்தான் இருக்கிறது, ஆட்டோக்காரர் ஹாரனைத் தொடாமல் இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, லேட்டாகுமோ என்றார், நான் ஆமாம் என்று கை காட்டினேன், அவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு நிழலில் நின்றார், செல்லக்கனி அக்கா வாசல் வரைக்கும் வந்து என்னைப் பார்த்தாள், என் முகம் எப்படி இருந்ததோ, சத்தம் ரொம்ப வருதே பிள்ள, கதவச் சாத்தட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்று தலையசைத்தேன்.